கச்சேரி செய்பவர் சொல்லிக்கொடுக்கப் போகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கர்நாடக இசையில் வாய்ப்பாட்டுக் கலைஞர், வயது 26, வானொலி கலைஞர்களுக்குத் தரும் தரவரிசையில் 'ஏ'-க்கு ஒரு படி கீழான பி-ஹை தரம், ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கச்சேரிகள், அவற்றில் பாதி மார்கழி சீசனின் நண்பகல் கச்சேரிகள். இப்போது ஓர் இசைக் கல்லூரியில் ஆசிரியப் பணி வந்திருக்கிறது. மேடையில் நிற்க முடியாதவர்கள்தான் பாட்டு வாத்தியாராகப் போவார்கள் என்று வீட்டில் பேச்சு. நாள் முழுதும் சொல்லிக்கொடுத்தால் குரல் என்னாகும் என்பது உங்களுடைய கவலை. வேலையை ஏற்றால் கச்சேரி வாழ்க்கை முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டார் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. குரலைப் பற்றி நீங்கள் படும் கவலை முற்றிலும் நியாயமானது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் முடிவெடுப்பது கடினமாகிறது என்று நினைக்கிறேன்.

வரலாற்றை முசிறி சுப்பிரமணிய ஐயரிடமிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். 1899-இல் திருச்சி மாவட்டத்தில் பொம்மலப்பாளையம் என்ற சிற்றூரில் பிறந்த அவர், கரூர் சின்னசாமி ஐயரிடமும், பின்னர் பல ஆண்டுகள் டி.எஸ். சபேச ஐயரிடமும் பயின்றார். சபேச ஐயர் மகா வைத்தியநாத ஐயரின் சிஷ்யர். மகா வைத்தியநாத ஐயர் மானம்புச்சாவடி வெங்கடசுப்பையரிடம் கற்றவர். வெங்கடசுப்பையர் தியாகராஜரின் நேர்ச் சிஷ்யர். ஆக, தியாகராஜருக்கும் முசிறிக்கும் இடையில் நின்றவர்கள் மூன்றே பேர், மூவருமே பாடியும் சொல்லிக்கொடுத்தும் வாழ்ந்தவர்கள். சபேச ஐயர் பிற்காலத்தில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். பாட்டு வாத்தியார் வேலையை இளக்காரமாகப் பேசுபவர்கள் இந்த வரிசையில் யாரை விலக்குவார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

முசிறியின் மேடை வாழ்க்கை எந்த அளவுகோலாலும் உச்சம் தொட்டதுதான். உயர்ந்த சுருதியில், நிதானமான விளம்ப காலத்தில், சொல்லின் பொருள் சிதையாமல் பாடுவது அவர் வழி. நீலகண்ட சிவனின் முகாரி ராக 'என்றைக்கு சிவகிருபை' அவர் இசைத்தட்டால்தான் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. ஆபேரியில் அமைந்த 'நகுமோமு' அவருடைய தட்டுகளில் மற்றொரு புகழ்பெற்ற பாட்டு. 1938-இல் 'துக்காராம்' படத்தில் நடித்தார். ஒரே படத்தோடு சினிமாவுக்கு முழுக்குப் போட்டுவிட்டார். 1939-இல் சென்னை மியூசிக் அகாடமியின் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். சங்கீத கலாநிதி என்ற பட்டம் 1942-இல் ஏற்படுத்தப்பட்டபோது அதற்கு முன் தலைமை வகித்தவர்களுக்கும் அது அளிக்கப்பட்டதால், அவர் பெயருக்குப் பின்னால் 1939 என்ற ஆண்டோடு அந்தப் பட்டம் நிற்கிறது.

இப்படிப்பட்டவர் 1940-களின் நடுவில், ஐம்பது வயதை எட்டும் முன்பே, உடல்நலக் காரணங்களால் கச்சேரி மேடையிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டார். இன்று ஒரு பாடகருக்கு இப்படி நேர்ந்தால் அவருடைய கதை அதோடு முடிந்தது என்றே நாம் எழுதுவோம். அவருக்கோ அடுத்த முப்பது ஆண்டுகள் இருந்தன. சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி 1949-இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வரானார். 1965 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். டி.கே. கோவிந்த ராவ், மணி கிருஷ்ணசாமி, சுகுணா புருஷோத்தமன், சுகுணா வரதாச்சாரி, பம்பாய் சகோதரிகள் என்று அறியப்பட்ட சரோஜா, லலிதா ஆகியோர் அவரிடம் பயின்றவர்களில் சிலர். இவர்களில் மணி கிருஷ்ணசாமி 1992-லும், கோவிந்த ராவ் 1999-லும், பம்பாய் சகோதரிகள் 2010-லும் சங்கீத கலாநிதி பெற்றார்கள். 1975-இல் முசிறி காலமானார்; அவர் வாழ்ந்த மயிலாப்பூர் ஆலிவர் சாலை இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்பவர்கள் இன்று மிகச் சிலர். ஆனால் அவரிடம் கற்றவர்களின் சிஷ்யர்கள் பாடிக்கொண்டேயிருக்கிறார்கள்.

முசிறி வேறு, நான் வேறு, அவர் மேடையில் பெயர் வாங்கிய பிறகுதானே கற்பிக்கப் போனார் என்று நீங்கள் கேட்கலாம். சரியான மறுப்புத்தான். ஆகவே, வேறு வகையானவர்களையும் பார்ப்போம்.

செம்மங்குடி சீனிவாச ஐயர் இரண்டையும் ஒரே காலத்தில் நடத்தியவர். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதருக்குப் பிறகு திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்று 1963 வரை அங்கே இருந்தார். அந்த ஆண்டுகளில்தான், 1947-இல், தம் 39-ஆம் வயதில் சங்கீத கலாநிதியும் ஆனார். ரயிலேறிப் போய்க் கச்சேரி செய்துவிட்டு வந்து கல்லூரி நடத்துவது அவருக்கு வாழ்க்கை முறையாகவே இருந்தது; தொண்ணூறைத் தொட்ட வயதிலும் மேடையேறினார். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு 1964-இல் வந்தவர் ஜி.என். பாலசுப்பிரமணியம், மறு ஆண்டே அவர் காலமானது நம் துரதிர்ஷ்டம். இவர்கள் இருவரையும் மேடையில் தோற்றவர்கள் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

மூன்றாவது வகை டி. பிருந்தா. வீணை தனம்மாளின் பேத்தி. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடமும் பயின்றவர். மத்திய இசைக் கல்லூரியில் முசிறியின் காலத்திலேயே ஆசிரியராக இருந்தார். பெருங்கூட்டத்தைத் திரட்டும் கச்சேரிப் பாணி அவருடையதன்று. சிறிய அறையில், நெருங்கி உட்கார்ந்து, க்ஷேத்ரக்ஞர் இயற்றிய பதம் என்னும் காதல் பாட்டில் ஒரு சங்கதி, அதாவது வரியின் ஒரு மாற்று வடிவம், எப்படி வழுக்கி இறங்குகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பவர்களுக்கான இசை அது. செம்மங்குடியும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் பதங்களைக் கற்றுக்கொள்ள அவரிடம் போனார்கள். ராம்நாட் கிருஷ்ணனும் போனார். 1976-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி வந்தது. அவருடைய மதிப்பை அவர் செய்த கச்சேரிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட முயன்றால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

இந்த மூவரை வைத்து நான் சொல்ல விரும்புவது, பாடும் திறன் கற்பிக்கும் திறனாகத் தானாக மாறிவிடாது என்பதையும் சேர்த்துத்தான். நம் சபாக்களில் ஓயாமல் புழங்கும் ஒரு மயக்கம், பெரிய பாடகர் என்றால் பெரிய ஆசிரியர் என்பது. இயற்கையாகவே ரவை சாரீரம் வாய்த்தவர், அதாவது பிருகாக்கள் என்னும் அதிவேகச் சுரக்கோவைகள் தொண்டையில் தானாக உருளும் குரலுடையவர், அது எப்படி உருள்கிறது என்று பிறருக்குச் சொல்ல முடியாமல் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது கேள்வியாகவே எழுந்ததில்லை. இல்லாத கேள்விக்கு எங்கிருந்து பதில் வரும்? மாறாக, இளமையில் வாய்ப்பாட்டை விட்டு வயலினுக்குப் போய்விடலாம் என்று அறிவுரை கேட்ட செம்மங்குடி, ஒத்துழைக்காத சாரீரத்தை மணிக்கணக்கான அசுர சாதகத்தால் வழிக்குக் கொண்டுவந்தவர். எந்த இடத்தில் மூச்சு எடுக்கவேண்டும், எந்த அகாரத்தைச் சற்றே மூடிப் பாடினால் மேல் ஸ்தாயி 'ஸ'வான தார ஷட்ஜம் பிசிறில்லாமல் நிற்கும், ராகத்தின் எந்தப் பிடியை, அதாவது சுரக்கோவையை, தவிர்த்து எந்தப் பிடியால் அதே ராக பாவத்தைக் கொண்டுவரலாம் என்பதெல்லாம் அப்படிப்பட்டவருக்கு அனுபவத்தில் கிடைத்த அறிவு. அத்தகைய அறிவைச் சொல்லிக்கொடுக்க முடியும். உங்களுக்குப் பிருகா எளிதில் வராது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள்; ஆசிரியப் பணியைப் பொறுத்தவரை அதை நான் ஒரு தகுதியாகவே பார்க்கிறேன்.

இன்னொரு கோணத்திலிருந்து இதையே ஜி.என்.பி.யிடம் பார்க்கலாம். அவருடைய மின்னல் வேகத்தை அப்படியே போலச்செய்ய முயன்றவர்கள் பலர். பெரும்பாலோர் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வழியில் ராகத்தைத் தொலைத்தார்கள். ஆனால் அவரிடம் கற்ற எம்.எல். வசந்தகுமாரி அந்தப் பாணியைத் தம் குரலுக்கு ஏற்ப மாற்றி வேறொரு அழகாக்கிக்கொண்டார். எம்.எல்.வி. தம் சிஷ்யை சுதா ரகுநாதனை மேடையில் பின்பாட்டுப் பாட வைத்தே பயிற்றுவித்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பின்பாட்டு என்பது பாடகிக்குத் துணை என்று மட்டும் நாம் நினைக்கிறோம். பக்கவாத்தியங்களுக்கு நடுவில், சபையின் முன்னால், தப்பிக்க வழியில்லாத இடத்தில் நடக்கும் வகுப்பு அது. மேடையும் வகுப்பும் தனித்தனிக் கட்டடங்களாகப் பிரிந்தது கல்லூரிகள் வந்த பிறகுதான்.

அந்தப் பிரிவு ஏற்படுத்திய சிக்கல் ஒன்றை நீங்கள் வேலையில் சேர்ந்த முதல் மாதமே சந்திப்பீர்கள். குருகுலவாசத்தில் ஒரு சிஷ்யருக்கு எப்போது வர்ணம், எப்போது கிருதி என்பதைக் குரு முடிவு செய்தார். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு அலங்காரங்கள், கீதம், சுரஜதி, வர்ணம், பிறகு கிருதி என்னும் படிக்கட்டு கல்லூரியிலும் அதேதான். ஆனால் இங்கே படி ஏறுவதைப் பருவத் தேர்வு முடிவு செய்கிறது. ஜண்டை வரிசையில் இரட்டைச் சுரத்தின் இரண்டாம் சுரத்துக்கு அழுத்தம் தராமலே மூன்றாம் காலத்துக்கு ஓடும் மாணவரைத் தடுத்து நிறுத்த ஆசிரியருக்கு உரிமை உண்டு, நேரம்தான் கிடையாது. இதற்கு நான் கண்ட ஒரே வழி, பாடத்திட்டத்து உருப்படிகளின் எண்ணிக்கையை மறுக்காமல், ஒவ்வொரு வகுப்பின் முதல் பத்து நிமிடத்தைப் பாடத்திட்டத்தில் இல்லாத ஆகாரப் பயிற்சிக்கு, அதாவது 'ஆ' என்ற ஒலியில் மட்டும் பாடுவதற்கு, ஒதுக்கிவிடுவது. யாரும் ஆட்சேபித்ததில்லை, யாரும் கவனிக்கவுமில்லை என்பதுதான் உண்மை.

மனோதர்மத்தை, அதாவது அந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடுவதை, கற்பிப்பது இதைவிடக் கடினம். முசிறி நிரவலுக்குப் பெயர்போனவர் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். பாட்டின் ஒரு வரியை எடுத்து, அதன் சொற்கள் தாளத்தில் எந்தெந்த இடத்தில் விழுகின்றனவோ அந்த இடங்களைப் பெரும்பாலும் கலைக்காமல், ராகத்தை மட்டும் ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும், அதாவது தாளச் சுற்றிலும், புதிதாக நெய்துகொண்டு போவது நிரவல். முதலில் விளம்பத்தில், பிறகு மத்திம காலத்தில். எழுதிப் படித்துப் பாடினால் அது நிரவலே அன்று. எழுதாமல் எப்படிக் கற்பிப்பது? ஆசிரியர் ஓர் ஆவர்த்தனம் பாட, மாணவர் அடுத்த ஆவர்த்தனத்தைப் பாட, மாணவர் சொல்லைத் தவறான இடத்தில் வைத்தால் நிறுத்தாமல் அடுத்த சுற்றில் ஆசிரியர் அதே சொல்லைச் சரியான இடத்தில் வைத்துக்காட்ட, இப்படியே அரைமணி நேரம். இதில் ஆசிரியர் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஒன்றைப் பாடியாகவேண்டும். அதாவது, அந்த அரைமணியும் அவருக்கும் சாதகம்தான். ஒரே ஆண்டு இப்படிக் கற்பித்தபின் மேடையில் என் நிரவல் மாறியிருப்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் எனக்கு வழக்கமாக வாசித்த வயலின் கலைஞர். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. கற்பித்தால் பாட்டு தேயும் என்பவர்கள் சரளி வரிசையை மட்டும் நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இனி குரல். இதில் நான் உங்களைச் சமாதானப்படுத்தப் போவதில்லை.

பாடுவதால் குரல் கெடுவதைவிட, பேசுவதாலும் பிறருடைய சுருதியில் பாடுவதாலும் ஆசிரியரின் குரல் அதிகம் கெடுகிறது. பேசுவது எளிதில் புரியும்: முப்பது பேர் உள்ள அறையில், மின்விசிறிச் சத்தத்துக்கு மேல், அடித்தொண்டையில் உரக்கப் பேசுவது குரல் நாண்களுக்குப் பெருஞ்சுமை. ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்குக் குரல்கோளாறுகள் மற்றவர்களைவிட மிகுதி என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. நாண்களில் முடிச்சு விழுவது அவற்றில் ஒன்று. இரண்டாவதை, அதாவது சுருதி விவகாரத்தை, இசைக்காரர்களே சரியாகக் கவனிப்பதில்லை. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒருவருடைய ஆதார ஷட்ஜம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கட்டை என்ற அளவால் சொல்கிறோம்; மந்த்ரம், மத்தியம், தாரம் என்பவை கீழ், நடு, மேல் ஸ்தாயிகள். பெண்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும், ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரைக் கட்டைக்கார ஆசிரியர் ஐந்தரைக் கட்டை மாணவிக்கு அவளுடைய சுருதியில் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்காட்டினால், அவளுடைய மத்திய ஷட்ஜம் அவருக்கு மந்த்ர பஞ்சமம். அவள் உயிரைக் கொடுத்துப் பிடிக்கும் தார ஷட்ஜம் அவருக்கு மத்திய பஞ்சமம். சிரமமே இல்லாத இடம். அங்கே மூச்சை எப்படி நிர்வகிப்பது என்று அவரால் காட்ட இயலாது, ஏனென்றால் அவர் அங்கே எதையும் நிர்வகிக்கவில்லை. அவள் மந்த்ரத்தில் இறங்கும்போதோ அவர் குரலே எட்டாது. நீங்கள் பெண் ஆதலால் உங்கள் நிலை தலைகீழ். ஒன்றரைக் கட்டையில் பாடும் இளைஞனுக்கு அவன் சுருதியில் ஒரு ஸ்தாயி மேலே நீங்கள் பாடினால், அவன் ஷட்ஜம் உங்களுக்கு மத்திய மத்திமம். தார ஷட்ஜம் உங்களுடைய தார மத்திமம். அவன் தார காந்தாரத்துக்குப் போனால் உங்களுக்குத் தொண்டை கிழியும். ஆண் ஆசிரியர் தாழ்ந்து தாழ்ந்து குரலின் ஒளியை இழக்கிறார். பெண் ஆசிரியர் உயர்ந்து உயர்ந்து குரலைக் காயப்படுத்திக்கொள்கிறார்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு நிறுவனத்தில், நாளுக்கு ஆறு வகுப்புகள், மாணவர் சுருதி ஒவ்வொரு வகுப்பிலும் வேறு. நான் பெருமையோடு ஒவ்வொருவருக்கும் அவரவர் சுருதியிலேயே பாடிக்காட்டினேன். ஐப்பசியில் தொண்டை கட்டியது, கார்த்திகையிலும் விடவில்லை, மார்கழியில் ஒப்புக்கொண்டிருந்த நான்கு கச்சேரிகளில் மூன்றை விட்டுக்கொடுத்தேன். மருத்துவர் ஆறு வாரம் பாடாதே என்றார். பாடாமல் இருப்பது எளிதாக இருந்தது, பேசாமல் இருப்பதுதான் முடியவில்லை.

அதன் பின் கற்றுக்கொண்டவை சில. உங்கள் சுருதியிலேயே பாடுங்கள். மாணவர் அதைத் தம் சுருதிக்கு மாற்றிப் பாடட்டும். அதற்கு இரண்டு சுருதிப்பெட்டிகளும் மாற்றி மாற்றி ஒலிக்கவிடும் பொறுமையும் போதும். தொடக்கத்தில் மாணவர் தடுமாறுவார். ஆனால் சுரத்தைச் சுரமாகக் கேட்கும் காது இப்படித்தான் வளர்கிறது. உச்ச ஸ்தாயிப் பிடிகளை, அதே சுருதியுள்ள மூத்த மாணவர் ஒருவரைப் பாடிக்காட்டச் சொல்லுங்கள். அவருக்கும் அது பயிற்சி. குழந்தைகளின் சுருதி உங்கள் சுருதிக்கு அருகில் இருக்கும் என்பதால் குழந்தைகள் வகுப்பில் குரலுக்குச் சிரமமில்லை, காதுக்கு மட்டும்தான். மகரக்கட்டு வந்த பையன்களைக் கட்டாயப்படுத்திப் பழைய சுருதியில் நிறுத்தாதீர்கள். உடையும் குரலை அதன் போக்கில் தாழவிட்டு, எட்டும் ஸ்தாயியில் மட்டும் பாட வையுங்கள், மிச்ச நேரத்தில் தாளமும் ராக லட்சணமும் சொல்லிக்கொடுங்கள். முசிறியிடம் பெண் சிஷ்யைகள் இவ்வளவு பேர் சிறந்து விளங்கியதற்கு அவருடைய சுருதி ஓர் ஆணுக்கு மிக உயர்ந்ததாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஒலிபெருக்கி பரவும் முன்பு கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் பழகிய தலைமுறை அது. ஒலிபெருக்கி வந்தபின் ஆண்களின் சுருதி இறங்கியதும், ஆண் ஆசிரியருக்கும் பெண் மாணவிக்கும் இடையிலான தூரம் கூடிவிட்டது.

இணையவழி வகுப்புகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இருபுறமும் சேர்ந்து பாட முடியாது, ஏனென்றால் ஒலி சற்றுத் தாமதித்தே போய்ச் சேரும். தாளம் போட்டுச் சேர்ந்து பாடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கையைக் கட்டிப்போட்டது போல. இன்னொன்று, காணொளிச் செயலிகள் இடைவிடாத தம்பூரா ஒலியை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். ஒரே சுரத்தை நீட்டி நிறுத்தும் கார்வையையும் சில நேரம் விழுங்கிவிடும். இரைச்சல் நீக்கும் வசதியை இருபுறமும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல், வெளிநாட்டுக் குழந்தை ஒன்று கார்வை கொடுப்பதே இல்லை என்று இரண்டு மாதம் கோபித்துக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும்.

தகுதி விவகாரம் சுருக்கமானது. நிரந்தரமான உதவிப் பேராசிரியர் பதவிக்கு வழக்கமான வழி முதுகலையும் 'நெட்' என்னும் தேசியத் தகுதித் தேர்வும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைகள் இசைத்துறைக்கு இன்னொரு வழியையும் வைத்திருக்கின்றன: புகழ்பெற்ற குருவிடம் கற்று, வானொலி அல்லது தொலைக்காட்சியில் 'ஏ' தரம் பெற்ற, பட்டப்படிப்பு முடித்த தொழில்முறைக் கலைஞரும் கருதப்படலாம். ஆகவே, வேலையில் சேர்ந்தாலும் பி-ஹையோடு நின்றுவிடாமல் 'ஏ' தரத்துக்கான குரல் தேர்வுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். கல்லூரி வேலைக்கு உதவும் தகுதியும் கச்சேரி வாய்ப்புக்கு உதவும் தகுதியும் ஒன்றாகவே அமையும் அரிய இடம் இது.

கச்சேரிக்கு உண்மையான பகை வகுப்பு அன்று, களைப்பும் நேரமும்தான். மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பியபின் தம்பூராவை மீட்டுபவர்கள் மிகச் சிலர். நான் அந்தச் சிலரில் ஒருத்தி இல்லை. ஆகவே சாதகம் விடியற்காலையில் முடிந்துவிட வேண்டும்: உங்கள் சுருதியில், உங்களுக்காக மட்டும், மந்த்ர ஸ்தாயியிலிருந்து மெல்லத் தொடங்கி ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியில் மாணவர் யாருக்கும் சொல்லிக்கொடுக்கும் உருப்படியைத் தொடாதீர்கள். கற்பிக்கும் பாட்டுகளே சாதகமும் ஆகிவிட்டால், ஐந்து ஆண்டில் உங்கள் பாடாந்தரம், அதாவது உங்களிடம் உள்ள பாட்டுகளின் கையிருப்பு, பாடத்திட்டத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆசிரியர்களின் கச்சேரியில் திரும்பத் திரும்ப அதே பத்துக் கிருதிகள் வருவதற்கு இதுதான் காரணம். ஆண்டுக்கு ஆறு புதிய உருப்படிகளை வேறொரு மூத்தவரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர் மாணவராகவும் இருக்கும் வரை அவர் பாட்டில் ஈரம் காயாது. கோவிந்த ராவ், சுகுணா புருஷோத்தமன் போன்றோரின் வாழ்க்கையைப் பாருங்கள். சுகுணா முசிறியோடு நிற்காமல் செம்மங்குடியிடமும் கற்றார், பல்லவியில் தனித்தேர்ச்சி பெற்றார்.

ஆகவே, என் கருத்தில் வேலையை ஏற்றுக்கொள்ளலாம். கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் நான்குக்கு மேல் செய்முறை வகுப்பு வராமல் கோட்பாட்டு வகுப்புகளை இடையில் கலந்து தருவார்களா? மார்கழியில் கச்சேரி உள்ள நாள்களுக்கும் அவற்றின் முந்தைய நாள்களுக்கும் விடுப்பு உண்டா? வகுப்பறைகளுக்கு இடையில் சுவர் உண்டா, இல்லை வெறும் தட்டியா? மூன்றாவது கேள்வியைக் கேட்டுச் சிரிப்பார்கள். பக்கத்து அறையில் மிருதங்க வகுப்பு நடக்கும்போது நீங்கள் முகாரியைச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தால் சிரிப்பு வராது.